பன்னிரண்டு வாரம், ஆறு கிரெடிட்: கற்றது என்ன?



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி என்னைக் காண வந்திருந்தாள். இந்த ஆயர் ஈத்தாமில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூகப்பணித் துறையில் பயில்பவள். தொழிற்பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தாள். நீதி நிருவாகத்தோடு தொடர்புடைய ஓர் அரசு அலுவலகத்தில் பன்னிரண்டு வாரம். அந்த அலுவலகத்தின் பெயரோ பல்கலைக்கழகத்தின் பெயரோ இங்கு வேண்டாம். நான் சொல்லவருவது ஓர் அலுவலகத்தின் கதையன்று.

"ஆறு கிரெடிட் டீச்சர்! 'ஏ' கிடைச்சிருக்கு" என்று மகிழ்ச்சியோடு பயிற்சிக் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். ஆசிரியர் புத்தியாயிற்றே, பக்கம் பக்கமாகப் படித்தேன். முதல் வாரம்: கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்கினேன். இரண்டாம் வாரம்: பழைய கோப்புகளின் பெயர்களைக் கணினியில் பதிந்தேன். ஐந்தாம் வாரம்: படி எடுத்தேன். எட்டாம் வாரம்: துறைத் தலைவரின் வருகைக்காக மண்டபத்தை அலங்கரித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கையொப்பம், ஒரு முத்திரை.

குறிப்பேட்டை மூடியபோது அவள் முகம் மாறியிருந்தது. அதில் எழுதாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

எழுதப்படாத அந்த ஒரு நாள்

ஒன்பதாம் வாரத்தில் கடிதம் ஒன்றைச் சேர்ப்பிக்க அதிகாரி ஒருவருடன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்குப் போயிருக்கிறாள். தடுப்புக் காவல் ஆணைக்காகச் சில இளைஞர்களைக் கைவிலங்கோடு வரிசையில் அழைத்து வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். ஆறாம் ஆண்டில் இவளோடு ஒரே வகுப்பில் இருந்தவன். எனக்கும் மாணவன்தான். பெருக்கல் வாய்பாடு சொல்லச் சொன்னால் எல்லாருக்கும் முந்திக்கொண்டு எழுந்து நிற்பான்.

மோட்டார் சைக்கிள் திருட்டு என்ற ஐயத்தின் பேரில் பிடித்திருக்கிறார்கள். படிக்கட்டின் கீழ் நின்றிருந்த அவன் தாய் இவளை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். "நீ படிச்ச பொண்ணாச்சே... எத்தனை நாள் உள்ள வைப்பாங்கம்மா?" என்று கேட்டாராம்.

"எனக்குப் பதில் தெரியல டீச்சர்" என்றாள் என் மாணவி.

ஒன்பது வாரம் அந்தத் துறையின் கூரையின் கீழே அமர்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்த எனக்கும் தெரியவில்லை. அன்றிரவே எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆம் விதி. அதன்பின் எத்தனை நாள் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு வரையறுக்கிறது. பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றமென்றால் முதல் ஆணையில் அதிகம் போனால் 4 நாள், இரண்டாம் ஆணையில் 3 நாள். பதினான்கு ஆண்டும் அதற்கு மேலும், அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமென்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். மோட்டார் சைக்கிள் திருட்டுக்கு உச்சத் தண்டனை ஏழாண்டு. ஆகவே அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை இவ்வளவுதான்: "இந்த வழக்கில் ஏழு நாளுக்கு மேல் வைக்க முடியாது அம்மா. அதற்குள் குற்றஞ்சாட்ட வேண்டும், இல்லையேல் விட வேண்டும்."

இன்னும் சில வரி சேர்த்திருக்கலாம். விசாரிக்கத் தொடங்குமுன் கைதானவர் தம் உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ள உரிமையுண்டு என்கிறது 2007இல் நடைமுறைக்கு வந்த 28ஏ பிரிவு. அதற்குச் சில விதிவிலக்குகள் உள்ளன என்றாலும் பொதுவிதி அதுதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத குடிமக்களுக்கெனவே தேசிய சட்ட உதவி அறநிறுவனம் 2011இல் அமைக்கப்பட்டது. கைது, தடுப்புக் காவல், பிணை ஆகிய கட்டங்களிலேயே அதன் வழக்கறிஞர்கள் வந்து நிற்கிறார்கள்.

அந்த இளைஞனை ஐந்தாம் நாள் விடுவித்துவிட்டார்கள். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் ஐந்து நாளும் அந்தத் தாய் வேலைக்குப் போகாமல் காவல்நிலைய வாசலில் கிடந்தார். சொல்லாமல் விடுப்பு எடுத்தவன் என்று மகனுக்கு ஆலை வேலையும் போயிற்று. நான்கு வரி தெரிந்த ஒருவர் அருகில் இருந்திருந்தால் அந்த ஐந்து நாள் வேறுவிதமாகக் கழிந்திருக்கும்.

நான்கு வரி கற்றுத்தராத பன்னிரண்டு வாரத்திற்கு ஆறு கிரெடிட்! இதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

கிரெடிட் என்பது என்ன?

நம் தோட்டத்து முன்னோர்களுக்குக் கிரெடிட் என்றால் கடைக்காரர் தம் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் கடன். பொருளை வாங்கியபின்தான் அங்கும் எழுதுவார்கள். பொருளே வாங்காமல் கணக்கு எழுதினால் அதற்கு வேறு பெயர்.

பல்கலைக்கழகத்தில் கிரெடிட் என்பது கற்றலின் அளவை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தகுதி முகமையின் கணக்குப்படி, மாணவர் கற்றலுக்குச் செலவிடும் 40 மணி நேரத்திற்கு ஒரு கிரெடிட். தொழிற்பயிற்சிக்கோ இரண்டு வாரத்திற்கு ஒரு கிரெடிட். நாளுக்கு எட்டு மணி, வாரத்திற்கு ஐந்து நாள் என்று வைத்தால் 80 மணி நேரம். இந்தக் கணக்கின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பயிற்சியில் கழியும் நேரத்தில் பாதிதான் உண்மையான கற்றல் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. நான் கேட்பதெல்லாம், அந்தப் பாதியாவது எங்கே என்பதுதான்.

என் சொந்தத் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டோம். பாடக்குறிப்பு எழுதினோம். விரிவுரையாளர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து, நாங்கள் பாடம் நடத்துவதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தார். வழிகாட்டி ஆசிரியர் தனியே பார்த்தார். பாடம் முடிந்ததும் எங்கே தவறினோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். கரும்பலகையைத் துடைத்ததற்கும் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டதற்கும் யாரும் மதிப்பெண் தரவில்லை. சட்டம் படித்தவர்களும், 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி, ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரின்கீழ் பயின்ற பிறகே நீதிமன்றத்தில் நிற்கத் தகுதி பெறுகிறார்கள். சட்ட உதவி மையங்களில் பணியாற்றுவது அந்தப் பயிற்சியின் கட்டாயப் பகுதி.

அப்படியிருக்க, நாளை நன்னடத்தை அதிகாரியாக, சிறை அதிகாரியாக, சமூக நல அதிகாரியாக வரப்போகும் மாணவர்களுக்கு மட்டும் முத்திரை குத்திய குறிப்பேடு போதுமா? நன்னடத்தை அதிகாரியின் கையில் இருப்பது என்ன தெரியுமா? 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்று முடிவெடுக்குமுன் நீதிமன்றம் அவர் தரும் அறிக்கையைக் கருத்தில்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளையின் வீடு எப்படி, பள்ளி எப்படி, தந்தை இருக்கிறாரா, குடிக்கிறாரா என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் வரும். அதை எழுதப்போகிறவர் படி எடுக்கும் இயந்திரத்தின் அருகே பயிற்சி பெற்றால், பாதிக்கப்படப்போவது யார் வீட்டுப் பிள்ளை?

மறுப்புரைகளும் என் விடைகளும்

இதை நண்பர்கள் சிலரிடம் பேசியபோது வந்த மறுப்புரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மறுப்பு: "வழக்குகள் இரகசியமானவை. மாணவர்களை எப்படி உள்ளே விடுவது? 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறதே!" இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சிறார் நீதிமன்றம் பொதுமக்களுக்கு மூடப்பட்டதே. அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பெரியவர்களின் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்த மன்றங்கள். யாரும் போய் அமர்ந்து கேட்கலாம். அங்கே பத்து நாள் அமர்ந்து, குற்றச்சாட்டு எப்படி வாசிக்கப்படுகிறது, பிணைத்தொகை எப்படி முடிவாகிறது, வழக்கறிஞர் இல்லாதவர் தண்டனைக் குறைப்புக்கு என்ன சொல்லித் தடுமாறுகிறார் என்று குறித்து வர எந்த இரகசியம் தடை? இரகசியக் கோப்புகளின் பெயர்களைக் கணினியில் பதியப் பயிற்சி மாணவர்களை விடலாம். திறந்த மன்றத்தில் உட்காரவைக்க மட்டும் இரகசியம் குறுக்கே வருகிறதா?

இரண்டாம் மறுப்பு கனமானது: "மனிதரின் துன்பம் மாணவர்களின் மதிப்பெண்ணுக்குக் கச்சாப் பொருளா? கைவிலங்கிட்டு நிற்பவனைக் காட்சிப்பொருளாக்கிக் கிரெடிட் வாங்குவது அறமா?" இக்கேள்வியைக் கேட்டவருக்கு நான் தலைவணங்குகிறேன். அறமன்று. சுற்றுலா போவதுபோல் சிறையைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதுவதை நானும் எதிர்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: மாணவர் எதையாவது கொடுக்கும் இடத்தில் மட்டுமே கிரெடிட் தரப்பட வேண்டும்.

இது நடக்காத கனவன்று. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகம் 1990இல் 'பிரயாஸ்' என்னும் களத்திட்டத்தைத் தொடங்கியது. சிறைகளிலும் நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் அதன் சமூகப்பணியாளர்கள் இயங்குகிறார்கள்; கழகத்தின் மாணவர்கள் அங்கே களப்பணி செய்கிறார்கள். அமெரிக்காவில் 1992இல் கார்டோசோ சட்டக் கல்லூரியில் பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்னும் இருவர் தொடங்கிய 'இன்னோசன்ஸ் புரோஜெக்ட்' சட்ட மாணவர்களின் பயிற்சிக் களமாகத்தான் தோன்றியது. தவறாகத் தண்டிக்கப்பட்டோரின் கோப்புகளை மாணவர்கள் வரிவரியாகப் படித்தார்கள். மரபணுச் சோதனையால் குற்றமற்றவர்கள் எனத் தெரிந்து பலர் வெளியே வந்தனர். ஆம், அவர்களும் கோப்புதான் பார்த்தார்கள்! ஆனால் அடுக்கிவைக்கவில்லை, திறந்து படித்தார்கள். ஃபிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லோரி போம்பா 1997இல் தொடங்கிய திட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் சிறைவாசிகளும் சிறைக்குள்ளேயே ஒரே வகுப்பில், ஒரே பாடத்தைச் சேர்ந்து படிக்கிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் காட்சிப்பொருள் அல்லர்.

மூன்றாம் மறுப்பு நம் வீடுகளிலிருந்து வருகிறது: "நம்ம பிள்ளை ஏன் போலீஸ் ஸ்டேஷன், ஜெயில்னு அலையணும்? மருத்துவம் படிக்கட்டும், கணக்கியல் படிக்கட்டும்." என் மாணவியின் தந்தையும் முதலில் இதைத்தான் சொன்னாராம். பெண்பிள்ளை சிறைக்கூடத்தின் வாசலை மிதிப்பதா என்று உறவினர்களும் பேசினார்களாம்.

பெற்றோரே, பொறுத்தருளுங்கள். சற்றுக் கடுமையாகவே எழுதப்போகிறேன்.

நம் பிள்ளைகள் அந்த வாசலை மிதிக்கவில்லையா? இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது சிம்பாங் ரெங்கம். 1969ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையே இல்லாமல் பிடித்துவைக்கப்பட்டவர்கள் அடைக்கப்பட்ட முகாம் அங்கேதான் இருந்தது. இரண்டாண்டு ஆணை, முடிந்தால் மீண்டும் ஆணை. 2011ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனங்களை மீட்டுக்கொள்ளும்வரை அந்நிலை நீடித்தது. பிறகு 2013இல் 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரம் வேறு வாசல் வழியே திரும்பி வந்தது. நான் இங்கு ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், குறும்பு செய்யும் பையனை மிரட்ட "சிம்பாங் ரெங்கமுக்கு அனுப்பிடுவேன்" என்று தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓர் ஊரின் பெயர் பிள்ளைகளை மிரட்டும் சொல்லாகும் அளவுக்கு அது நமக்கு அறிமுகமான வாசல்.

2009இல் சுபாங் ஜெயாவில் ஆ. குகன், 2013இல் கோலாலம்பூரில் ந. தர்மேந்திரன், 2021இல் அ. கணபதி. காவலில் இருந்து, பின் இறந்துபோன இவர்களின் பெயர்களை நாளிதழ்களில் படித்துக் கண்ணீர் விட்டோம். குகன் குடும்பத்திற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தோம். மகஜர் கொடுத்தோம், மெழுகுவத்தி ஏற்றினோம். பிறகு? அந்தத் துறைகளுக்குள் போய் நேர்மையாகப் பணியாற்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேரை அனுப்பினோம்? குற்றவாளிக் கூண்டில் நம் பிள்ளை நிற்பது விதி. அக்கூண்டின் மறுபக்கத்தில் நம் பிள்ளை நிற்பது மானக்கேடு. இது என்ன நியாயம்?

காவல் துறையிலும் சிறைத் துறையிலும் கடமை தவறாத அதிகாரிகள் பலர் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. என் மாணவர்களின் தந்தையர் சிலரே அத்துறையினர். அவர்களுக்குத் துணையாக நன்கு பயின்ற இளையோர் வேண்டும் என்பதே என் வழக்கு.

ஏழை மாணவருக்கு இன்னொரு சுமை

மற்றொன்றும் சொல்ல வேண்டும். என் மாணவி பன்னிரண்டு வாரமும் வெளியூரில் வாடகை அறையில் தங்கினாள். அறை வாடகை, பேருந்து, உணவு எல்லாம் தந்தையின் செம்பனைத் தோட்டச் சம்பளத்திலிருந்து. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பயனுள்ள பயிற்சியிடத்தைத் தேடி எங்கு வேண்டுமானாலும் போகலாம். தோட்டத்துப் பிள்ளை எந்த இடத்தில் செலவு குறைவோ அங்கே போய்க் கோப்பு அடுக்கும். தலைப்பில் ஒரே ஆறு கிரெடிட். உள்ளே இரண்டு வெவ்வேறு கல்வி!

ஆனால் நம் வட்டாரத்தையே பாருங்கள். பத்து பகாட்டில் நீதிமன்றம் இருக்கிறது. குளுவாங்கிலும் சிம்பாங் ரெங்கமிலும் சிறைச்சாலைகள் இருக்கின்றன. பக்கத்துப் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்தான். ஆனாலும் அங்கே விரிவுரையாளர்கள் உண்டு, அறைகள் உண்டு. வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் சட்டமும் சமூகப்பணியும் உளவியலும் படிக்கும் நம் பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்தே இப்பயிற்சியைச் செய்யப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளக் கூடாதா?

நான் கேட்பவை

1. பல்கலைக்கழகங்களே! குற்றவியல் நீதித் துறைகளில் செய்யும் பயிற்சிக்குக் கிரெடிட் தருமுன், மாணவர் எதைக் கற்றுத் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கைது முதல் விடுதலைவரை ஒரு வழக்கு நடக்கும் வழியை அவர் தம் சொந்தச் சொற்களில் விளக்க முடியாவிட்டால் தேர்ச்சி தராதீர்கள். பயிற்சிக் காலத்தில் இருமுறையாவது விரிவுரையாளர் நேரில் போய்ப் பாருங்கள்.

2. துறைத் தலைவர்களே! பயிற்சி மாணவர் ஒருவருக்கு ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குங்கள். கோப்பு வேலை வாரத்தில் ஒருநாள் இருக்கட்டும். மற்ற நாள்களில் அவர் அந்த அதிகாரியின் அருகில் இருக்கட்டும்.

3. சட்ட உதவி அமைப்புகளே! நீதிமன்ற வளாகத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, பயிற்சி மாணவர்களை உட்காரவையுங்கள். சட்ட ஆலோசனை சொல்வது வழக்கறிஞர் வேலை. மாணவர் அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் எந்த அறைக்குப் போவது, எந்த எண்ணை அழைப்பது, எத்தனை நாள் என்று சட்டம் சொல்கிறது என்பதைத் தாய்மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். நம் தமிழ்ப்பிள்ளைகளின் தமிழ் அங்கே பயன்படட்டும்.

4. பெற்றோரே! பிள்ளை இத்துறையில் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள்.

5. என் போன்ற ஆசிரியர்களே! நாமும் தப்ப முடியாது. பிள்ளைகளுக்கு மலரும் பழமும் வண்ணமும் கற்பித்தோம். கைதானால் என்ன உரிமை உண்டு என்பதை முன்னாள் மாணவர் ஒன்றுகூடலிலாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலாவது ஒரு வழக்கறிஞரை அழைத்துச் சொல்லவைக்கலாமே!

வள்ளுவப் பேராசான் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதை மனனம் செய்யவைத்துப் பரிசும் கொடுக்கிறோம். நடுவுநிலைமை நடக்க வேண்டிய இடத்திற்கு நம் பிள்ளையை அனுப்பும்போது மட்டும் கோப்பு அடுக்கச் சொல்கிறோம்.

என் மாணவி இறுதியாண்டு முடித்ததும் நன்னடத்தை அதிகாரிப் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். போகும்போது குறிப்பேட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். "இது எனக்கு வேணாம் டீச்சர். நீங்க சொன்ன அந்த நாலு வரியை மட்டும் எழுதி வச்சுக்கிட்டேன்" என்றாள். மறுநாள் அந்தத் தாயின் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவருக்கு இனித் தேவைப்படக் கூடாது. ஆனால் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.

பன்னிரண்டு வாரத்தில் அவள் செய்த உண்மையான பயிற்சி அந்த ஒரு மாலைதான். அதற்கு யாரும் கிரெடிட் தரவில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தமிழாசிரியை